மயிலின் மேல் பச்சை நூல்

பொங்கல் வந்தால் என் கைபேசி படாதபாடு படுகிறது. பானை பொங்குகிறது, மாடு தலையை ஆட்டுகிறது, கரும்பு மினுக்குகிறது. அனுப்பியவர் யாரும் அதைச் செய்யவில்லை. தனக்கு வந்ததை என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். நானும் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிறேன். உங்களில் என் வயதை ஒட்டியவர்களுக்கு மார்கழி மாதத்து அட்டைக் கடைகள் நினைவிருக்கும். குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். நானும் அக்காவும் அந்தக் கடைகளை வேடிக்கை பார்த்ததோடு சரி, வாங்கியதில்லை. நாங்களே செய்தோம். ஒரே ஒரு வருடம்தான் செய்தோம். போன மாதம் நடந்த ஒன்றால் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவின் தொழிலைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவர் மார்க்குத் தகடு வெட்டுகிறவர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு மார்க்கு உண்டு. ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு குத்துவிளக்கு, ஒருவருக்கு மீன். தகரத்தில் அந்த உருவத்தின் கோடுகளை மட்டும் ஓட்டையாக வெட்டி எடுத்துவிட்டால் அதுதான் மார்க்குத் தகடு. சாக்கின் மேல் தகட்டை வைத்து, மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றித் தூக்கினால் சாக்கில் மீன் நிற்கும். வடக்கே எங்கோ இருக்கும் வியாபாரி மூட்டையைப் பிரிக்காமலேயே மீனைப் பார்த்து வாங்குவான். காயின் தரத்துக்கு அந்த மார்க்குதான் வாக்கு.

அப்பா வெட்டியதிலேயே சிரமமானது மயில். கொண்டையில் மூன்று இறகு, தோகையில் ஒன்பது கண். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டால் மயில் மொத்தமாகக் கீழே விழுந்துவிடும். நடுநடுவே மெல்லிய தகர நரம்புகளை விட்டுவைக்க வேண்டும். எதை வெட்டாமல் விட வேண்டும் என்று தெரிந்தவன்தான் தகடு வெட்ட முடியும் என்பார். அந்த மயில், ஊரிலேயே பெரிய குடோன் வைத்திருந்த முதலாளியுடைய மார்க்கு. அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை இருந்தது. தகடு தேய்ந்து, ஓரங்கள் மழுங்கி, மை கசிய ஆரம்பித்தால் முதலாளியின் ஆள் பழையதைக் கொண்டுவருவார். அப்பா புதிது வெட்டித் தருவார். ஆனால் பழையதை அந்த ஆளின் கண்முன்னால் இரண்டாக வெட்டிய பிறகுதான் புதியதைக் கையில் கொடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, எழுந்து நின்று, தகரக் கத்தரியால் உருவத்தின் நடுவே குறுக்காக வெட்டுவார். ஒரு துண்டு வந்தவருக்கு, ஒரு துண்டு அப்பாவின் மரப்பெட்டிக்கு. ஒரு மார்க்குக்கு இரண்டு தகடு உயிரோடு இருந்தால் கள்ள மூட்டை நடமாட ஆரம்பித்துவிடும். வேறு எவனோ சொத்தைக் காயை நிரப்பி அதே மயிலை அடித்து அனுப்பிவிடுவான். தகடு வெட்டுகிறவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது.

அந்த வருடம் ஐப்பசியில் மயில் தகடு தேய்ந்து வந்தது. கொண்டுவந்தவர் முதலாளியின் கணக்கப்பிள்ளை. எப்போதும் எங்கேயோ தீப்பிடித்ததுபோலப் பறக்கிற மனிதர். நான் வாசலில் உட்கார்ந்து ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பைக் கழற்றி, நின்று, மயிலைக் கழுத்திலிருந்து தோகை வரைக்கும் குறுக்காக வெட்டினார். ஒரு துண்டை நீட்டினார்.

"எனக்கெதுக்கப்பா இந்தத் தகரம்? கையக் கிழிக்கவா? நீயே வச்சுக்க. மேல மலைக்குப் போற ஜீப்பு நிக்கிது" என்று சொல்லிவிட்டு, புதுத் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை ஓடினார்.

அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு துண்டுகளையும் பெட்டியில் போட்டார். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பின்னாலேயே ஓடிப்போய் அந்தத் துண்டை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்திருக்கலாம். அப்பாவுக்குக் கூச்சம். பெரிய இடத்து ஆளின் பின்னால் ஓடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அட்டை செய்யும் யோசனை அக்காவுடையது. அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து. பள்ளியில் தையல் வகுப்பில் அவள்தான் முதல். கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கம், புதுத் துண்டு வாங்கினால் உள்ளே வைத்துத் தருகிற வழவழப்பான அட்டை, பழைய காலண்டரின் முதுகு என்று சேர்த்து வைத்திருந்தாள். அப்பாவிடம் சின்னச் சின்ன அச்சு உளிகள் இருந்தன. வட்டம், பிறை, நட்சத்திரம், இலை. ஈயக்கட்டியின் மேல் காகிதத்தை வைத்து, உளியை நிறுத்தி, மேலே ஒரு தட்டு தட்டினால் நட்சத்திரம் கழன்று விழும். அதன் கீழே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டினால் ஓட்டை வழியே மின்னும். தரையெல்லாம் காகித நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கும். அவற்றிலும் ஏலக்காய் வாசனை இருக்கும். போடியில் எதில்தான் அந்த வாசனை இல்லை? அம்மா குடோனில் காய் பொறுக்கப் போய்விட்டு வருவாள். அவள் சேலை, தலைமுடி, அவள் பிசைந்து போடுகிற சோறு எல்லாம் காய் வாசனைதான்.

அரைப்பரீட்சை லீவில் நட்சத்திர அட்டைகளை அப்பாவிடம் காட்டினோம். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஓரம் பிசிறு இல்லாம தட்டியிருக்கியே ஆத்தா" என்று அக்காவைச் சொன்னார். அப்பா வாயிலிருந்து அது பெரிய பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு மயில் வேண்டும். அட்டைக் கடையில் மயில் அட்டை தொங்கியது. அப்பாவின் மயில் அதைவிட அழகு என்பது அவள் கட்சி.

அப்பா மத்தியானம் குடோன்களுக்குப் போகிற நேரத்தில் பெட்டியைத் திறந்து இரண்டு துண்டையும் எடுத்தோம். எடுத்தது தப்பு என்று தெரியாமல் இல்லை. "அப்பாகிட்ட மூச்சு விட்ட, பல்லு இருக்காது" என்று அக்கா என்னை மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது. வெட்டிய ஓரங்களை ஒட்டி, மிகச் சின்ன வட்ட உளியால் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டாள். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, துளைகளின் வழியாக நூல் கோத்து இழுத்துத் தைத்தாள். தகரத்தைத் தைத்த ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மயில் மறுபடியும் முழுசாயிற்று.

துணிக்குப் போடும் நீலத்தைக் கோந்தில் குழைத்து ஒற்றினோம். தகட்டைத் தூக்கியதும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. வெட்டிய இடைவெளி வழியாக நீலம் இறங்கி, மயிலின் கழுத்திலிருந்து தோகை வரைக்கும் ஒரு கோணல் கோடு. கோட்டின் இருபுறமும், தையல் துளைகளில் இறங்கிய நீலம், எறும்பு வரிசை மாதிரிப் புள்ளி புள்ளியாக நின்றது. அவள் அழுதேவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தையல் வகுப்புப் பையிலிருந்து பச்சை நூலை எடுத்தாள். கோட்டின் மேலேயே கொடியாகத் தைத்தாள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு குட்டி இலை. தைத்து முடித்துப் பார்த்தால், மயில் தன் மேல் ஒரு கொடியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. குறையை மறைத்ததில் எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஏழு மயில் அட்டை செய்தோம். ஆறை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். ஏழாவதை, பொங்கல் லீவு விடுவதற்கு முந்தின நாள் முதலாளி மகளிடம் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பெண் மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கும் ஒரு பங்கு தருகிறவள். நான் அவளுக்கு எதுவுமே தந்ததில்லை. "ஒங்க வீட்டு மயிலுடி இது" என்று கொடுத்தேன். அவள் நூலைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு!" என்று கத்தினாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு உயரமாக நான் நடந்து வீட்டுக்குப் போனது அன்று ஒரு நாள்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டுகிற அன்று, அப்பா வாசல் நிலையில் ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் சேர்த்துச் செருகிக்கொண்டிருந்தார். முதலாளி வந்தார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. பின்னால் கணக்கப்பிள்ளை. முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"பழைய மயில் தகடு எங்கப்பா?"

"அத வெட்டியாச்சே மொதலாளி. ஐப்பசியில. கணக்கப்பிள்ளை அண்ணன் முன்னாடிதான வெட்டுனேன்."

"துண்டக் காட்டு."

அப்பா சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்தார். துண்டுகளைப் புரட்டினார். விளக்கு இருந்தது, மீன் இருந்தது. மயில் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். தகரம் தரையில் விழுந்த சத்தத்தில் நானும் அக்காவும் அடுப்படியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"வடக்க இருந்து நாலு மூட்டை திரும்பி வந்துருக்கு" என்றார் முதலாளி. "பூராஞ் சொத்தக் காயி. மேல என் மயிலு. எங்க குடோன்ல போட்ட மூட்டை இல்ல அது."

அப்பா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "அண்ணே, நீங்கதான துண்டு வேணாம்னு இங்கயே விட்டுட்டுப் போனீக? சொல்லுங்கண்ணே."

கணக்கப்பிள்ளை முதலாளியைப் பார்த்துத்தான் பேசினார். "அன்னைக்கு ஜீப்பு நின்னுக்கிட்டு இருந்துச்சு மொதலாளி. புதுத் தகட்ட வாங்கிட்டு வெரசாப் போயிட்டேன். வெட்டுனத நான் பாக்கல."

துண்டை வாங்காமல் வந்தது தெரிந்தால் அவர் வேலை போய்விடும். அவர் தன் சோற்றைக் காப்பாற்றிக்கொண்டார். மனிதர்கள் பெரிய துரோகங்களை இப்படிச் சின்னப் பயத்தில்தான் செய்கிறார்கள்.

முதலாளி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். "ஒன் சின்ன மக எம்மகளுக்குக் குடுத்தது. இது எந்த மயிலு?"

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். பச்சை நூல் யாருடைய கைவேலை என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். "புள்ளைக வெளாட்டு மொதலாளி. துண்ட எடுத்து வச்சு வெளாண்டிருக்குதுக."

"வெட்டுன தகட்ட வச்சா? நல்லாப் பாரு. முழு மயிலு."

அப்பாவுக்கும் அது விளங்கவில்லை. உள்ளே திரும்பி, "ஆத்தா, அந்தத் தகடு ஒங்ககிட்ட இருந்தா வெரசாக் கொண்டாங்க" என்று கூப்பிட்டார்.

இதற்குள் அடுப்படியில் என்ன நடந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். தகரம் விழுந்த சத்தத்திலேயே நான் அழ ஆரம்பித்திருந்தேன். அம்மா என் வாயைப் பொத்தி, "என்னடி செஞ்சீக?" என்றாள். அக்கா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தகட்டையும் அட்டைகளையும் எடுத்து நீட்டினாள். அம்மாவுக்கு வெளியே பேசுவது அரைகுறையாகக் கேட்டது. கள்ள மூட்டை, மயில். உள்ளே கையில் மயில் தகடு. போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. ஆறு அட்டையையும் அடுப்பில் வைத்தாள். கோந்து பூசிய அட்டை சட்டென்று பிடித்துக்கொண்டது. தகட்டோடு கொல்லைக் கதவைத் திறந்து ஓடினாள். அங்கே குப்பை கொட்டுகிற பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அப்பா "கொண்டாங்க" என்று கூப்பிட்டபோது அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றாள்.

"அப்படி எதுவும் இங்க இல்லீங்க" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

முதலாளி அட்டையை அப்பா கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆவாரம்பூ பாதி செருகியபடி நிலையில் தொங்கியது.

அதன் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அம்மா செய்ததை அம்மா சொன்னாள், அக்கா செய்ததை அக்கா சொன்னாள். அப்பா யாரையும் அடிக்கவில்லை. கோட்டையும் புள்ளிகளையும் பற்றி அக்கா சொன்னபோதுதான் நிமிர்ந்தார். "கோடு விழுந்துச்சா? ஒவ்வொரு தடவ ஒத்துறப்பயுமா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த மூட்டைகளில் நின்ற மயிலில் கோடு இல்லை. இருந்திருந்தால் முதலாளி அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். தைத்த தகடு கையில் இருந்தால், மூட்டையில் அடித்தது இது இல்லை என்று அதை வைத்தே நிரூபித்துவிடலாம். பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி, பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் அந்தக் கிணற்றைத் துழாவினார். ஓட்டை வாளி வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, யாரோ எறிந்த பூட்டு வந்தது. தகடு வரவில்லை. அம்மா கொல்லைப் படியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்த வருடம் பானை வைக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு அட்டை. அது முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அப்பா அவர் குடோன் வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே விடவில்லை. "தகட்டப் பத்தி நான் எதுவும் பேச வரல. அந்த அட்டையில இருக்கிற நூல மட்டும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அது போதும்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தார். மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் முதலாளியே வெளியே வந்து, "நூலப் பிரிச்சா நாலு மூட்டையும் நல்ல காயாயிருமா?" என்று கேட்டாராம். சுமைதூக்கிகள் சிரித்தார்களாம். அப்பா திரும்பி வந்து எங்களிடம் அதைச் சொன்னபோது அவரும் சிரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த முதலாளியும் தகடு வெட்டக் கொடுக்கவில்லை. யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மாசி மாதம் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மருந்தடிக்கிற சோலிக்குப் போனார். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் குனிந்து நடக்க வேண்டும். கையுறை, முகமூடி எல்லாம் இப்போதுதான் பேசுகிறார்கள். அப்போது மருந்தைக் கையால்தான் கலக்கினார்கள். மாதத்துக்கு ஒரு முறை ஜீப்பில் இறங்கி வருவார். வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அவர் விரல்களைத்தான். நகம் கறுத்தது. பிறகு நுனியில் தோல் உரிய ஆரம்பித்தது. ஒரு தடவை எனக்குக் காகிதத்தில் கிளி வெட்டித் தரக் கத்தரியை எடுத்தார். விரல் பிடிமானம் இல்லாமல் கத்தரி இரண்டு முறை நழுவியது. "அடுத்த தடவ வெட்டுவோம் ஆத்தா" என்று வைத்துவிட்டார்.

அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு காய் பொறுக்கப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவள் அதற்குப் பிறகு ஊசியைத் தொடவே இல்லை. அவள் பிள்ளைகளின் சட்டைக்குப் பித்தான் அறுந்தால்கூட நான்தான் தைத்துக் கொடுத்தேன். நான் தையல்காரி ஆனேன். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறு வருடம் பொங்கலுக்கு முந்தின நாள் முதலாளி வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஆள், "மொதலாளி குடுக்கச் சொன்னாக" என்று மட்டும் சொல்லி இறக்கிவிட்டுப் போனான். அம்மா மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர் வீடு இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நாங்களும் கும்பிட்டோம். அந்தப் பொங்கலுக்கு அப்பாவும் இறங்கி வந்திருந்தார்.

பங்குனியில் அப்பா இறந்துபோனார். மருந்து ஏறிவிட்டது என்றார்கள். மத்தியானம் செடிக்குள் விழுந்தவரை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வளைவுகளில் வரும்போதே மூச்சு நின்றுவிட்டது. அப்போதும் அந்த ஊரில் அவர் கள்ளத் தகடு வெட்டியவர்தான். எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டார்கள். என்னைப் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். முதலாளி மகள் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கும் என் வயதுதான். முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாம் எனக்கு இருப்பதுபோலவே. முதலாளி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள்.

"பழைய வீட்ட இடிக்கப் போறோம்டி. இரும்புப் பெட்டிய ஒடைச்சுத்தான் தொறந்தோம், சாவி இல்ல. அடியில இது கெடந்துச்சு. பாத்ததும் ஒன் ஞாபகம் வந்துருச்சு. ஒன்கிட்டயே குடுத்துரலாம்னு கொண்டாந்தேன்" என்று சிரித்தாள். பத்து வயதில் நாலு பேர் நடுவில் கத்தினாளே, அதே சிரிப்பு. அவளுக்கு அது பள்ளிக்கூடத்து ஞாபகம். தன் வீட்டு மயில் எங்கள் வீட்டை என்ன செய்தது என்று அவளுக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை.

அட்டையை வாங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தோகைப் பக்கம் பச்சை நூல் வெளிறிப்போய், நாலு இலையோடு அப்படியே இருந்தது. கழுத்திலிருந்து நடு உடம்பு வரைக்கும் நூல் இல்லை. ஊசி போன துளைகள் மட்டும் காலியாக இருந்தன. அந்த இடத்தில் அக்கா அன்று பார்த்து அழுத கோடு இருந்தது. நீலக் கோடு, கோணலாக. இருபுறமும் புள்ளி புள்ளியாக.

நூல் இற்றுப் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அட்டையைத் திருப்பினேன். நாற்பது வருடமாக நூலோடு கிடக்கிறவள் நான். இற்ற நூலின் முனை பஞ்சாகி நிற்கும். இது அப்படி இல்லை. முடிச்சுக்குப் பக்கத்தில், பின்பக்கமாக, சுத்தமாக வெட்டியிருந்தது. வெட்டி, ஒவ்வொரு தையலாக, காகிதம் கிழியாமல் நிதானமாக இழுத்திருக்கிறார்கள்.

"நீ பிரிச்சியாடி இத?" என்று கேட்டேன்.

"நான் எங்க பிரிச்சேன்? நீ குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே அப்பா பிடுங்கிக்கிட்டாருல்ல?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "இரு. ஒரே ஒரு தடவ வெளிய எடுத்தாரு. மறு வருசம் பொங்கலுக்கு மொத நா. குடோன்ல பழைய சாக்கையெல்லாம் ஒழிச்சுக்கிட்டு இருந்தாங்க. வடக்க இருந்து திரும்பி வந்துச்சே, அந்தச் சாக்கு ஒண்ண மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு, என்கிட்ட பென்சில் சீவுற பிளேடு கேட்டாரு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறகு ஆளக் கூப்ட்டு, ஒங்க வீட்டுக்கு ஒரு மூட்ட அரிசி..."

நான் அட்டையை மெஷின் மேல் வைத்து, கோட்டின் மேல் விரலை வைத்து, அது என்ன, அந்தச் சாக்கு மயிலில் ஏன் அது இல்லை என்று சொன்னேன். தகடு வெட்டுகிற முறை, கணக்கப்பிள்ளை, கிணறு, மூன்று நாள் அப்பா வாசலில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைக் கன்னத்தில் வைத்தபடி கேட்டாள். "பிளேட நாந்தான்டி எடுத்துக் குடுத்தேன்" என்று மறுபடியும் சொன்னாள். அட்டையை நான்தான் கொடுத்தேன் என்று எனக்குள்ளேயே அறுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தை, மாசி, பங்குனி. மூன்று மாதம் இருந்தது. ஊர் முன்னால் சொல்ல வேண்டாம், ஆள் விட்டு அப்பாவைக் கீழே கூப்பிட்டிருந்தால் போதும். அரிசி அனுப்பினார்.

அந்த அரிசியைத்தான் அன்று பொங்கினோம். அப்பாவின் விரல் நுனியில் தோல் இல்லாததால் சூடு தாங்காது. அம்மா வாழை இலையில் பரப்பி, விசிறியால் ஆற்றிக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்த்து, "மொதலாளிக்கு நம்ம மேல இருந்த கோவம் போயிருச்சு ஆத்தா. இனிமே கூப்புட்டு விடுவாரு பாரு" என்றார். மறுபடி மேலே போகும்போது தகரக் கத்தரியைத் துணியில் சுற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். கூப்பிட்டு ஆள் வந்தால் அங்கிருந்தே நேராகக் குடோனுக்குப் போய்விடலாம் என்றார். பங்குனியில் அந்த ஜீப்பில் அவரோடு கத்தரியும் இறங்கி வந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தோம். துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.